மாற்றல் சார்

குமரி மாவட்டத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்குக்குப் புதிதாகக் குடிவருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பூசை நேரத்தை அல்ல. மாற்றல் சார் எந்த டீக்கடையில் உட்காருவார் என்பதை. பூசை நேரத்தை அவரே சொல்லிவிடுவார். முந்தின பங்குத்தந்தை காலத்தில் ஐந்தரை, இப்போதிருப்பவர் வந்ததும் ஆறேகால் ஆக்கினார், அடுத்து வரப்போகிறவர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், ஆறுக்கு மேல் தள்ளமாட்டார் என்று கடந்தது, நடப்பது, வருவது மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார். அடுத்து யார் வரப்போகிறார் என்பது ஆயருக்கே இன்னும் தெரியாது என்பதை அவர் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஆர்.சி. நடுநிலைப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மறைமாவட்டப் பள்ளிகளில் வாத்தியார்களையும் சாமியார்களைப் போலவே ஊர் ஊராக மாற்றுவார்கள். அப்படிக் கடற்கரை, மலையோரம், ரப்பர் தோட்டம் என்று ஏழெட்டுப் பங்குகளில் பாடம் நடத்தி, ஞாயிறுதோறும் மறைக்கல்வியும் எடுத்து, ஒவ்வோர் ஊரிலும் ஒரு கோயில்பிள்ளை, ஒரு குசினிக்காரர், பாடற்குழுவில் ஒரு கீபோர்டுக்காரர் என்று ஆள் பிடித்து வைத்திருக்கிறார். ஆர்டர் எப்போது வரும் என்று தன் காலத்தில் காத்துக் கிடந்த பழக்கம் பென்ஷன் வாங்கிய பிறகும் விடவில்லை. இப்போது பிறருடைய ஆர்டருக்குக் காத்திருக்கிறார்.

அவருடைய ராஜ்யத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். கலெக்டருக்கு இது ஒரே மாவட்டம். கத்தோலிக்கக் கணக்கு வேறு. இலத்தீன் வழிபாட்டு முறைக்குக் கோட்டாறு, குழித்துறை என்று இரண்டு மறைமாவட்டங்கள். சீரோ மலபார் முறைக்குத் தக்கலை, சீரோ மலங்கரை முறைக்கு மார்த்தாண்டம். இரண்டும் 1996இல் வந்தவை. போதாக்குறைக்குத் தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைப் பங்குகள் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தோடு. நாகர்கோவிலில் களியக்காவிளை பஸ் ஏறினால் நாலு மறைமாவட்டத் தலைமையிடங்களையும் ஒரே டிக்கெட்டில் பார்த்துவிடலாம். சாரும் அந்த பஸ்ஸில்தான் போவார். ஜன்னலோர சீட்டு, கையில் குடை, சட்டைப்பையில் எங்கோ ஒரு பங்கின் திருவிழா நோட்டீஸ்.

1930இல் தொடங்கிய கோட்டாறு மறைமாவட்டத்தைப் பிரித்து 2014 டிசம்பரில் குழித்துறையை உண்டாக்கியபோது மேற்கே இருந்த பங்குகளெல்லாம் வெடி வெடித்தன. சாருக்கு மட்டும் முகம் சரியில்லை. எந்தச் சாமியார் எந்த வருடம் எங்கே இருந்தார், அங்கிருந்து எங்கே போனார் என்று உத்தியோக காலம் முழுக்க மனப்பாடம் செய்து வைத்திருந்தவர். ஒரே நாளில் அதில் பாதி அயல்நாட்டு விவகாரமாகிவிட்டது. கொஞ்ச காலம் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி நோட்டுப் போட்டுச் சமாளித்தார். பிறகு மனம் தேறி, ‘ஒரு மேத்ராணியாருக்குப் பதிலா ரெண்டு. வேலை கூடிப்போச்சு’ என்றார்.

கோயிலில் அவர் உட்காரும் இடம் யோசித்துத் தேர்ந்தெடுத்தது. முன்வரிசை வேண்டாம்; அங்கே பீடம் மட்டும்தான் தெரியும். கடைசி வரிசையும் வேண்டாம். அது மறையுரை நேரத்தில் வெளியே போய்ப் பீடி பிடிக்கிறவர்களுக்கானது. பக்கவாசல் ஓரம், தூணை ஒட்டி. அங்கிருந்து பீடமும் தெரியும், சாமியார் உடை மாற்றும் அறையும் தெரியும், பங்கு இல்லத்து கார் ஷெட்டும் தெரியும். பூசையில் அவருடைய பாதிக் கவனம் ஷெட்டில் இருக்கும் என்று சொன்னால் அது அபாண்டம். முக்கால்வாசி.

மாற்றல் பொதுவாகப் பள்ளி திறப்பதற்கு முன், மே மாதத்தை ஒட்டி வரும். சாருக்குத் தை பிறந்ததுமே சீசன் தொடங்கிவிடும். முதல் பூசை முடிந்து டீக்கடைக்கு வருவார். பெஞ்சில் பழைய மாணவன் ஒருவன் அகப்படுவான்.

“நம்ம பாதருக்கு மாற்றல், கேட்டியாடே?”

“யாரு சார் சொன்னா?”

“ஒருத்தன் சொல்லணுமா? குரோட்டன்ஸ் செடிக்கு எட்டு நாளா தண்ணி விடல்ல. வந்த புதுசுல குளிக்கத் தண்ணி இல்லாட்டியும் அதுக்கு விட்ட மனுசன்.”

“மோட்டார் ரிப்பேரா இருக்கும் சார்.”

“இருக்கட்டும். அப்போ கோழிக்கூட்ட எதுக்கு சிஸ்டர்மாருக்குக் குடுத்தாரு? மோட்டாருக்கும் கோழிக்கும் என்னடே சம்பந்தம்?”

மாணவனுக்குப் பள்ளியில் பதில் தெரியாமல் நின்ற ஞாபகம் வந்துவிடும். டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போவான். பத்து மணிக்குள் சேதி கிளைப்பங்குவரை போயிருக்கும். பிற்பகலில் அதே சேதி இன்னொருவர் வாயிலாகச் சாரிடமே திரும்பி வரும். ‘பாத்தியா, நான் மட்டுமா சொல்லுதேன்’ என்பார். அவருக்கு இரண்டாவது சாட்சி எப்போதும் இப்படித்தான் கிடைக்கும்.

இதையெல்லாம் விடப் பெரிய ஆதாரம் திருவிழா நோட்டீஸ். நமக்கு அது பத்து நாள் நிகழ்ச்சி நிரல், அவருக்குப் பஞ்சாங்கம். ஒன்றாம் திருவிழாவன்று கொடியேற்றுவது யார், ஒன்பதாம் திருவிழாத் தேர்ப்பவனிக்கு முன் மாலை ஆராதனை யார், பத்தாம் திருவிழாவுக்கு ஆயர் வருகிறாரா, குருகுல முதல்வரோடு நிறுத்திக்கொண்டார்களா என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நோட்டீஸை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் படிப்பார். ‘தலைமை’ என்ற இடத்தில் ஒருவர் பெயரும் ‘மறையுரை’ என்ற இடத்தில் இன்னொருவர் பெயரும் இருக்கும். தலைமை வயதுக்கு, மறையுரை வாய்க்கு என்பது அவருடைய சித்தாந்தம். போன வருடம் புதன்கிழமை மறையுரை சொன்ன இளம் சாமியாருக்கு இந்த வருடம் சனிக்கிழமை கொடுத்திருந்தால் அவருக்கு ஏறுமுகம். சனிக்கிழமையிலிருந்து திங்களுக்கு வந்திருந்தால், ‘என்னமோ நடந்திருக்கு’ என்று தாடையைத் தடவுவார். நடந்தது அந்தச் சாமியாருக்குச் சனிக்கிழமை சொந்த ஊரில் ஒரு கல்யாணம் என்பதாக இருக்கலாம். அவ்வளவு எளிய காரணங்களைச் சார் ஏற்பதில்லை.

முன்பு இதே பங்கில் இருந்த சாமியார்களை அழைப்பது வழக்கம். அதில் ஒரு பெயர் விடுபட்டிருந்தால் அவருக்கு அன்று மத்தியானம் சாப்பாடு இறங்காது. விட்டுப்போச்சா, விட்டாங்களா? மண்ணின் மைந்தர்களான குருக்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்குவார்கள். அதில் பெயர் அச்சான வரிசை குருப்பட்ட வருடப்படி இருக்கிறதா என்று விரல்விட்டு எண்ணுவார். கடைசியில் அச்சகத்தின் பெயரையும் பார்ப்பார். அச்சகம் மாறியிருந்தால் நிதிக்குழுவில் சண்டை. இந்த முறையில் கோட்டாறு சவேரியார் திருவிழா நோட்டீஸைப் படிக்க அவருக்கு ஒரு வாரம் தேவைப்படும். நவம்பர் 24இல் கொடியேறி டிசம்பர் 3இல் முடியும் அந்தத் திருவிழாவின் கடைசி நாளுக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். அவ்வளவு பெரிய நோட்டீஸில் அவ்வளவு பெரிய அரசியல் இல்லாமலா போகும் என்பது சாரின் கேள்வி.

அவருடைய பொற்காலம் 2020 ஜூன் முதல் 2024 ஜனவரி வரை. குழித்துறையின் முதல் ஆயர் பணி விலகிய பிறகு அந்த மறைமாவட்டத்துக்கென்று தனி ஆயர் இல்லை. மதுரைப் பேராயராக இருந்த அந்தோணி பாப்புசாமி திருத்தூது நிர்வாகியாக இருந்து பார்த்துக்கொண்டார். மூன்றரை வருடம்! இந்த மூன்றரை வருடமும் சார் ஒரு பட்டியல் வைத்திருந்தார். அது ஒருநாள் எட்டுப் பேராக இருக்கும், ஒருநாள் மூன்று பேராகச் சுருங்கும். வத்திக்கானில் நியமனங்களை நடுப்பகல் பன்னிரண்டுக்கு வெளியிடுவார்கள். நமக்கு அது வெயில்காலத்தில் மூன்றரை மணி, அங்கே குளிர்காலமானால் நாலரை. அந்த நேரத்தில் சார் வீட்டில் யாரும் டிவி போடக்கூடாது. 2024 ஜனவரி 13 அன்று ஆல்பர்ட் அனஸ்தாஸ் பெயர் வந்தது. சாரின் பட்டியலில் அந்தப் பெயர் எந்த நாளும் இருந்ததில்லை. மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து டீக்கடைக்கு வந்தவர் உட்காரும் முன்பே, “நான் சொல்லல்லியா?” என்றார். மறுத்துப் பேச ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

2025 மே 8 இரவு ஒன்பதரைக்கு மேல் வெள்ளைப்புகை வந்து, புதிய திருத்தந்தை பதினான்காம் லியோ என்று தெரிந்ததும், அவர் அகுஸ்தீனார் சபைத் தலைவராக இருந்த காலத்திலேயே கேரளத்துக்கு வந்து போனவர் என்ற சேதியைப் பிடித்துக்கொண்டார். “களியக்காவிளையத் தாண்டினா கேரளம். அப்பவே எனக்கு ஒரு இது இருந்துது.” எது என்று சொல்லவில்லை.

அவரைக் கேலி செய்வது எளிது. நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பைப் புரட்டினால் சாரின் பக்கத்து நியாயமும் கொஞ்சம் தெரிகிறது. பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும் உண்டு என்கிறது 536ஆம் சட்டம். பேரவைக்குத் தலைமை பங்குத்தந்தை. பொதுநிலையினர் எத்தனை உயரம் ஏறினாலும் துணைத்தலைவரோடு ஏணி முடிந்துவிடும். ஒரு சாமியாரை எங்கே அனுப்புவது என்று ஊரைக் கேட்டு யாரும் முடிவெடுப்பதில்லை. ஆனால் வருகிறவரைப் பொறுத்துதான் பள்ளிக்கூடக் கட்டடம் எழும்புமா, கல்லறைத் தோட்டத்துக்குச் சுவர் வருமா, இளைஞர் இயக்கம் கபடி ஆடுமா, செபமாலை மட்டும் சொல்லுமா என்பதெல்லாம் இருக்கிறது. ஓட்டுப் போட வழியில்லாத விஷயத்தில் மனிதன் ஆரூடமாவது சொல்லிப் பார்க்கிறான். சட்டத்தில் சாருக்குப் பிடித்த பகுதி ஒன்றுதான்: பங்குத்தந்தையானாலும் ஆயரானாலும் எழுபத்தைந்து வயதில் விலகல் கடிதம் கொடுக்க வேண்டும் என்பது. அதனால் தமிழ்நாட்டு ஆயர்கள் எல்லாருடைய பிறந்தநாளும் அவருக்கு மனப்பாடம். வாழ்த்துச் சொல்வதற்காக அல்ல.

நற்கருணைக்குப் பிறகு வரும் அறிவிப்புகள் தேவைப்பட்டால் மட்டும், அதுவும் சுருக்கமாக இருக்கட்டும் என்பது திருப்பலிக்கான உரோமை விதிமுறை. நம் பங்குகளில் அது இரண்டாம் மறையுரை. அந்த வாரப் பூசைக் கருத்துகள், அன்பியக் கூட்டம் எந்த வீட்டில், திருவிழா வரி பாக்கி, கிணற்றடியில் பைக் நிறுத்தாதீர்கள் எல்லாம் வரும். மற்றவர்கள் பர்ஸையும் குழந்தையையும் எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக, சார் அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவார். ஓலை வாசிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இன்ன பங்கைச் சேர்ந்த இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் திருமணம், தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்று முடிப்பார்கள். அந்தக் கடைசி வரியைச் சார் தனக்கு வந்த தனிப்பட்ட அழைப்பாக எடுத்துக்கொள்வார். பங்குத்தந்தையிடம் மட்டும் தெரிவிக்கமாட்டார்.

அவருக்குப் போட்டி ஒருவர்தான் உண்டு: மரியாயின் சேனைத் தலைவி, டீச்சர். 1921இல் டப்ளினில் தொடங்கிய அந்த இயக்கத்தில் உறுப்பினர்கள் இரண்டு இரண்டு பேராக வீடு சந்தித்து, வாரக் கூட்டத்தில் அறிக்கை சொல்ல வேண்டும். கூட்டத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. டீச்சர் அந்த விதியை அட்சரம் பிசகாமல் காப்பவர். யார் வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யாருக்கு ஜப்தி நோட்டீஸ் வந்தது என்பதெல்லாம் அவருக்கே முதலில் தெரியும். சார் எத்தனை வளைத்துக் கேட்டாலும், “செபம் பண்ணுங்க சார்” என்பார். ‘இந்தப் பெண்மணி கையில் இவ்வளவு சரக்கு இருந்தும் வீணாகிறதே’ என்று சார் உண்மையாகவே வருந்துவார். என் கணிப்பில் இந்த மறைவட்டத்தில் நடப்பதைச் சரியாக அறிந்தவர் டீச்சர்தான். அவரைப் பற்றி எழுத ஒன்றும் கிடைப்பதில்லை.

சாவுச் சேதியில் மட்டும் சார் பிசகுவதில்லை. துக்கமணி அடித்து, ஒலிபெருக்கியில் பெயரும் வீட்டுப் பெயரும் சொல்வதற்குள் அவர் அந்த வீட்டு முற்றத்தில் நாற்காலி இறக்கிக்கொண்டிருப்பார். மகன் சவுதியிலிருந்து எந்த விமானத்தில் வருகிறான், திருவனந்தபுரத்திலிருந்து கார் யாருடையது, அடக்கம் நாலு மணிக்கா, மறுநாளைக்குத் தள்ளுமா என்று எல்லாருக்கும் அவர் சொல்வதே இறுதி. அங்கே ஊகிக்க ஒன்றும் இல்லை. அதனாலேயே அவர் அதிகம் பேசுவதும் இல்லை.

பேசாமல் இருந்திருக்க வேண்டிய இன்னொரு சந்தர்ப்பம் உண்டு. பக்கத்துப் பங்கொன்றில் சார் வார்த்தையை நம்பி, ஆர்டர் வருமுன்பே பங்குத்தந்தைக்கு வழியனுப்பு விழா ஏற்பாடு செய்துவிட்டார்கள். வாழ்த்து மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டார்கள். சால்வை வாங்கினார்கள். அசனத்துக்கு ஆட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தார்கள். விஷயம் பங்குத்தந்தையின் காதுக்கு எட்டியபோது அவருக்கு மாற்றல் இல்லை. தனக்கு மாற்றல் கேட்டுப் பேரவையே மேலே எழுதியிருக்கிறது என்று நினைத்துவிட்டார். அந்தப் பேரவையில் இன்றுவரை யாரும் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. ‘ஆர்டர் டைப் ஆனது. கடைசி நேரத்துல நிறுத்திட்டாங்க’ என்பது சாரின் விளக்கம்.

அடுத்த மே வரும். உங்கள் பங்கிலும் பக்கவாசல் ஓரம் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பூசை முடிந்ததும் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். கோழிக்கூட்டைப் பற்றியும் பொறுமையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சால்வையை மட்டும் ஆர்டரைக் கண்ணால் பார்த்த பிறகு வாங்குங்கள்.