பத்து கிலோ கனவு

அடுத்த ஆண்டுக்குள் பத்து கிலோ பாஸ் மீனைப் பிடித்தே தீருவேன். இலக்கு சரிதானே?

உலக சாதனையோடு மோதுகிறீர்களே! 1932-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது 22 பவுண்டு 4 அவுன்ஸ். பத்து கிலோவை ஒட்டித்தான். 77 ஆண்டுகள் கழித்து ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்தது அதைவிட ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடுதல். இரண்டு அவுன்ஸாவது மிஞ்சினால்தான் புதிய சாதனை என்பது விதி. ஆகவே இருவருக்கும் சமபங்கு.

எடை உங்கள் கையில் இல்லை. தண்ணீரின் வெப்பநிலையைத் தவறாமல் குறித்துவைப்பதும், இதுவரை தொடாத ஒரு தூண்டில் முறையைப் பழகுவதும் உங்கள் கையில்தான். உங்கள் கையில் இன்னொன்றும் உண்டு: வசந்தத்தில் முட்டைகளுக்குக் காவல் நிற்பது ஆண் மீன். அது சிக்கினால் அதே இடத்தில் உடனே விட்டுவிடுங்கள். தாமதித்தால் மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும்.