சேர்க்கை நடைபெறுகிறது

மே மாதம் பிறந்தால் ஊர் முழுக்கத் தட்டிகள் முளைத்துவிடும். 'மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது'. பாலிடெக்னிக், நர்சிங், கேட்டரிங் என்று எதை எடுத்தாலும் சேர்க்கை. இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ ஒருவரையொருவர் விரும்பினால் அதற்கும் நம் செய்தித்தாள்கள் இதே சொல்லைத்தான் நெடுங்காலம் வைத்திருந்தன: ஓரினச்சேர்க்கை. ஆணும் பெண்ணும் என்றால் காதல். ஆணும் ஆணும் என்றால் அட்மிஷன்.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஓர் இனம், சேர்க்கை. மனித இனத்தில் ஒருவர் மனித இனத்தில் இன்னொருவரோடு சேர்வது. அப்படியானால் எட்டுப் பிள்ளை பெற்ற என் தாத்தாவும் ஓரினச்சேர்க்கையாளர்தான். (பாட்டி மனித இனம் என்பதற்கு எங்கள் வீட்டில் சாட்சிகள் உண்டு.) வேற்றினச் சேர்க்கை வேண்டுமென்பவர்கள் கால்நடை மருத்துவமனைப் பக்கம் போய் விசாரிக்கலாம். நடுவில் 'ச்' மிகுமா மிகாதா என்று மேசையைத் தட்டிச் சண்டை போட்ட பிழைதிருத்துநர்கள் யாரும் சொல்லே பிழை என்பதைக் கவனிக்கவில்லை. கவனிக்க என்ன இருக்கிறது? மனிதர்களின் மனசைப் பார்க்கவே கூடாது, கட்டிலைத்தான் எட்டிப் பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் வைத்த பெயர் அது.

கட்டிலை எட்டிப் பார்க்கும் கலையை நமக்குச் சட்டமாகவே எழுதித் தந்தவர் மெக்காலே. 1860இல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, 'இயற்கைக்கு மாறான' என்ற ஒட்டுச்சீட்டை நம் நெற்றியில் ஒட்டியது. மெக்காலே கல்வி நம் பண்பாட்டைக் கெடுத்துவிட்டது என்று மேடைதோறும் கதறுகிறவர்கள், மெக்காலேயின் இந்த ஒரு பிரிவை மட்டும் பாட்டன் சொத்து மாதிரிப் பொத்திப் பொத்திக் காத்தார்கள். தன்பாலீர்ப்பு மேற்கிலிருந்து வந்த நோய் என்றார்கள். மேற்கிலிருந்து கப்பலேறி வந்தது தடைச் சட்டம்தான். அதைச் சொன்னால் கோபம் வரும். 2009இல் தில்லி உயர்நீதிமன்றம் குற்றமில்லை என்றது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் குற்றம்தான் என்றது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே உச்ச நீதிமன்றம் குற்றமில்லை என்றது. படுத்திருந்தவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. நிரபராதியாகி, குற்றவாளியாகி, மறுபடி நிரபராதியாகிவிட்டார்.

அத்தோடு முடிந்ததா? தேசிய மருத்துவ ஆணையம் 2024 ஆகஸ்ட் கடைசியில் தடயவியல் மருத்துவப் பாடத்திட்டத்தைத் திருத்தி வெளியிட்டது. பெண்ணைப் பெண் விரும்புவது அதில் 'இயற்கைக்கு மாறான பாலியல் குற்றங்கள்' வரிசையில் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. உச்ச நீதிமன்றம் தீர்ப்பெழுதி ஆறு ஆண்டு கழித்து! கூச்சல் கிளம்பியதும் சில நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நாளைக்கு நம் பிள்ளைகளின் நாடியைப் பிடிக்கப் போகிறவர்களுக்கான பாடம் அது.

இவர்களைவிடப் பழைய ஆள் ஒருவர் இருந்தார். பவணந்தி முனிவர். பேடு என்ற பெயருக்கு எந்தப் பால் விகுதி போடுவது என்று நன்னூலில் ஒரு சூத்திரம் செய்திருக்கிறார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவினால் ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவினால் பெண்பால். அவாவுதல்! யார் எதை விரும்புகிறார் என்பதுதான் அவருக்குக் கணக்கு. மருத்துவக் குழு, சான்றிதழ், கெசட்டட் அதிகாரி கையொப்பம் எதையும் அவர் கேட்கவில்லை. அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கூத்தாடலாம் என்றால், அடுத்த வரியில் காலை வாரிவிடுகிறார்: இருவரையும் அஃறிணை போலவும் சொல்லலாமாம். நம் சமூகம் சூத்திரத்தின் முதல் இரண்டு வரியை நூலகத்தில் பூட்டிவிட்டு மூன்றாம் வரியை மட்டும் தெருவுக்கு எடுத்து வந்தது. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஒருத்தியைக் காட்டி, "அது நிக்குது பாரு" என்கிறவனுக்கு நன்னூல் தெரியாது. கடைப்பிடிப்பது என்னவோ அதைத்தான்.

தெரு தன் பங்குக்கும் பெயர் சூட்டியது. நவக்கிரகம் ஒன்பது, நவராத்திரி ஒன்பது, நவரத்தினம் ஒன்பது. சுற்றிச் சுற்றிக் கும்பிடும்போது ஒன்பது புனிதம். ஒருத்தி எதிரே நடந்து வந்தால் அதே ஒன்பது வசவு. அந்த வசவை வைத்தே நகைச்சுவைக் காட்சி எடுத்து, குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்க வைத்தது நம் சினிமா. நடுத்தர வர்க்கத்துக்கு அந்த அளவுக்கு நாக்கு வராது. அவர்களிடம் இரண்டே சொல்லில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது: 'ஒரு மாதிரி'. "அந்தப் பையன் ஒரு மாதிரி." என்ன மாதிரி என்று யாரும் கேட்க மாட்டார்கள். தன்பாலீர்ப்பு, ஈர்பாலீர்ப்பு, ஊடுபால், திருநம்பி அத்தனையும் அந்த ஒரு மாதிரிக்குள் அடக்கம். எந்த அரசாணையும் இதுவரை அதை அசைக்கவில்லை.

அரசாணைக்கு வருவோம். அலி என்ற வசை போய் அரவாணி வந்தது. கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரையில் பாரதக் கதையின் அரவானுக்கு மனைவியாகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அவன் தலை விழுந்ததும் தாலியறுத்து அழுகிறவர்கள் என்பதால் அந்தப் பெயர். வசையைவிட நூறு மடங்கு மேல்தான். ஆனாலும் ஒரே இரவு மனைவி, விடிந்தால் விதவை என்ற கதையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்கு விண்ணப்பிப்பது எப்படியிருக்கும்? பின்னர் கலைஞர் ஆட்சியில் திருநங்கை என்ற சொல் அரசு ஏட்டில் ஏறியது. 2008 ஏப்ரலில் நல வாரியமும் வந்தது. அழகான சொல், பெருமையான சொல். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். என் ஆத்திரமெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவற்றின் மேல்தான். 2019இல் நாடாளுமன்றம் திருநர் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, யாரெல்லாம் திருநர் என்று வரையறுத்தபோது கின்னர், ஹிஜ்ரா, ஜோக்தாவோடு எந்தச் சொல்லைப் போட்டது தெரியுமா? அரவாணி. தமிழ்நாடு கழற்றி மூலையில் போட்ட சட்டையைத் தில்லி துவைத்துக்கூடப் பார்க்காமல் எடுத்து மாட்டிவிட்டது.

சொல்லை விடுங்கள், அந்தச் சட்டம் செய்ததைப் பாருங்கள். தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று சொல்லியிருந்தது. ஐந்து ஆண்டு கழித்து வந்த சட்டமோ, மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வா என்றது. பட்டா மாறுதல், முதியோர் ஓய்வூதியம், ஆக்கிரமிப்பு அகற்றல், அந்த வரிசையில் பாலினம். ஐம்பது வயதாகிறது எனக்கு. நான் ஆண்தான் என்று எந்த ஆட்சியரும் இதுவரை முத்திரை குத்தித் தந்ததில்லை, கேட்டதுமில்லை. சான்றிதழோடு அந்தச் சட்டம் தந்த பாதுகாப்பின் லட்சணம் இன்னும் மோசம். ஒரு பெண்ணை வன்புணர்ந்தவனுக்குக் குறைந்தது பத்தாண்டுச் சிறை. ஒரு திருநங்கையைப் பாலியல் வன்முறை செய்தவனுக்கு? ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு. 'திரு' சேர்ந்தால் மரியாதை கூடும் என்றார்களே, தண்டனை மட்டும் எப்படி ஐயா குறைந்தது?

தமிழ்நாட்டுக்கும் ஒரு குட்டு பாக்கி இருக்கிறது. 2015இல் திருநங்கைகளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தார்கள். எந்த விஷயத்தைக் கொடுத்தாலும் அதைச் சாதியாக மாற்றித் தரும் இயந்திரம் நம்மிடம் இருக்கிறது; இந்த முறை பாலினத்தைப் போட்டு அரைத்தது. பாலினம் சாதி இல்லை என்று விளக்கிச் சொல்லி அந்த ஆணையை ரத்துசெய்ய 2024இல் உயர்நீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

'மூன்றாம் பாலினம்' என்ற எண்ணிக்கையும் எனக்கு விளங்கியதில்லை. மூன்றாவது என்றால் முதலாவது யார்? சொல்லாமலே தெரிகிறது. பெண் இரண்டாமிடம். இவர்களுக்கு வெண்கலம். பதக்கம் என்றதும் சாந்தி சௌந்தரராஜன் ஞாபகம் வருகிறார். புதுக்கோட்டை மாவட்டத்துக் கூலிக் குடும்பத்திலிருந்து போய் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றவர். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். பெண்ணாக வளர்ந்து பெண்ணாக ஓடியவரைப் பார்த்து நீ பெண்ணில்லை என்றவர்களுக்கு, பிறகு யார் என்று சொல்ல வாயில் ஒரு சொல் இல்லை. பிறப்பிலேயே ஆண், பெண் என்ற இரண்டு வரைக்குள் அடங்காத உடலோடு வருகிறவர்களுக்கான ஊடுபால் என்ற சொல் தமிழ்நாடு அரசிதழில் அச்சேறியது 2022இல். பதினாறு ஆண்டு தாமதம். பதக்கம் இன்னும் வரவில்லை.

அந்த அரசிதழ் வந்த கதையையும் சொல்ல வேண்டும். ஒருவரையொருவர் நேசித்த இரண்டு இளம்பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்தார்கள். பெற்றோர் புகார் கொடுத்தார்கள்: 'பெண்ணைக் காணவில்லை'. இரண்டு பேர் ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொண்டதற்குக் காவல் நிலையத்தில் பெயர் 'காணவில்லை'! வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் போனது. இதைப் பற்றி எனக்குத் தெரியாது, தெரிந்துகொண்டு தீர்ப்பெழுதுகிறேன் என்று ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். இந்த நாட்டில் அதிகாரத்தில் இருப்பவர் தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டது எத்தனை தடவை நடந்திருக்கிறது? அந்த வழக்கில்தான் பத்திரிகைகளும் காவல்துறையும் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்ற பட்டியல் பிறந்தது. பால்புதுமையர், தன்பாலீர்ப்பு, திருநர். அந்தச் சொற்களில் பல, அவற்றுக்கு உரியவர்களே உட்கார்ந்து பேசிப் பேசி வார்த்தவை. பட்டியல் அச்சான பிறகும் சில தலைப்புகளில் 'சேர்க்கை' தொடர்ந்து நடைபெறுகிறது. இடங்கள் இன்னும் நிரம்பவில்லை போலிருக்கிறது.

நல்லது செய்ய வந்தவர்களும் பெயர் வைக்காமல் போனதில்லை. எய்ட்ஸ் தடுப்புப் பணம் வந்த காலத்தில், தங்களுக்குள் கோத்தி என்று அழைத்துக்கொண்டவர்களை எம்.எஸ்.எம். என்ற மூன்றெழுத்தில் அடைத்தார்கள். ஆணோடு உறவு கொள்ளும் ஆண் என்று பொருள். உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்போ திருநர் வகையினரை எண்ணும்போது கோத்திகளையும் சேர்த்துக்கொண்டது. ஆணுறை எண்ணிக் கொடுக்கிறவரின் பதிவேட்டில் ஆண், தீர்ப்பில் திருநர், தோழிகளிடம் கோத்தி, வீட்டில் பொண்ணு பார்த்துக்கொண்டிருக்கும் மூத்த பிள்ளை. ஒரே ஆள். அவரை ஒருவராவது "நீ யாருப்பா?" என்று கேட்டிருக்கலாம்.

2023இல் தன்பால் திருமண வழக்கு வந்தபோது, இது நகர்ப்புற மேட்டுக்குடியினரின் கருத்து என்று ஒன்றிய அரசு எழுதிக் கொடுத்தது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருக்கிற கூவாகம் எந்த நகரத்தின் மேட்டுக்குடிப் பேட்டை என்று யாராவது கேட்டுச் சொல்லுங்கள். கண்ணன் மோகினியாகி அரவானை மணந்த கதைக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் தாலி கட்டிக்கொள்ளும் ஊர் அது. தெய்வத்துக்கு ஓரிரவு அனுமதி. மனிதர்களுக்கு அந்த ஓரிரவும் கிடையாது என்று அக்டோபர் 17 அன்று தீர்ப்பாகிவிட்டது.

போன மாதம் என் தோழியோடு வீடு பார்க்கப் போனேன். அவள் திருநங்கை, ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறாள். வாடகை, முன்பணம், தண்ணீர் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். அதுவரை அவளைச் சரியாகப் பார்க்காத வீட்டுக்கார அம்மா உள்ளே திரும்பி, "என்னங்க, அரவாணி..." என்று ஆரம்பித்தார். வீட்டுக்காரர் பதறிப்போய்க் கையை உயர்த்தினார்.

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாதும்மா. திருநங்கைன்னு சொல்லணும். அரசாங்கமே சொல்லியிருக்கு."

பிறகு என்னைப் பார்த்து, அவளைப் பார்க்காமல், "சார், திருநங்கைங்க மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை. தப்பா நினைச்சுக்காதீங்க. ஃபேமிலிக்கு மட்டும்தான் விடறதுன்னு ஒரு முடிவு" என்றார். ஒரு சொல்லில்கூடப் பிழையில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டார்.

தெருவுக்கு வந்ததும் அவள் கேட்டில் தொங்கிய அட்டையைத் திரும்பிப் பார்த்தாள். 'வீடு வாடகைக்கு. குடும்பத்தினருக்கு மட்டும்.'

"அண்ணா, இந்தச் சொல்லுக்கு அரசிதழ்ல யாராவது விளக்கம் போட்டிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, எதிர்வீட்டு அட்டையிலிருந்த எண்ணைப் போனில் தட்ட ஆரம்பித்தாள்.