எக்ஸ்ரே கண் படைத்த பெரிய துரைக்கு

பெருமதிப்புக்குரிய பெரிய துரை அவர்களுக்கு, பன்வில மலையிலிருந்து ஒரு கொழுந்துக்காரியின் மகன் எழுதுவது.

நேற்றுக் காலைப் பெரட்டில், ஜீப்பை விட்டு இறங்காமலே, வேலையில் அடிபட்ட என் அம்மாவின் வலது மணிக்கட்டைச் சோதித்தீர்கள். "அதான் கட்டுப் பிரிச்சாச்சே, கான் துப்புரவுக்குப் போகட்டும். லேசான வேலைதானே!" டாக்டர் கொடுத்த துண்டு கணக்கப்பிள்ளையின் சட்டைப்பையில் மடித்தபடியே கிடந்தது. எக்ஸ்ரே கண் இருக்கிறவருக்குத் துண்டு எதற்கு?

ஆஸ்பத்திரியில் அந்த மெஷினுக்காக நாங்கள் வரிசையில் காய்கிறோம். ஐயாவை அங்கே ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தால் கண்டி மாவட்டமே பிழைத்துப்போகும். கரண்ட் செலவும் மிச்சம்.

எலும்பைத் துளைத்த கண்ணுக்கு, மழைக்குச் சரிந்து கானில் நிறைந்த சேற்றின் பாரம் ஏனோ தெரியவில்லை. மத்தியானம் கை வீங்கி அம்மா உட்கார்ந்தது மட்டும் உடனே தெரிந்துவிட்டது. செக்ரோலில் அரைப்பேர், அரை நாள் கூலி.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில், எந்தக் காயத்துக்கு உழைக்கும் திறன் எத்தனை சதவீதம் குறையும் என்று ஓர் அட்டவணை உண்டு. உச்ச நட்டஈட்டையும் 2022இல் 550,000 ரூபாயிலிருந்து 2,000,000 ஆக்கினார்கள். ஆனால் மிஞ்சிய பலத்தோடு நாளைக்கு எந்த மலைக்குப் போவது என்பதை அட்டவணை சொல்லாது. அதற்கு ஆளையும் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: எவ்வளவு தூக்குவது, மணிக்கட்டை எத்தனை தரம் திருப்புவது, ஏற்றம் எப்படி, நடுவில் உட்காரலாமா. நாற்றுமேடையில் களை பிடுங்க இடது கை போதும். பிள்ளைக் காம்பராவிலும் ஆள் தேவை. அரை நாளில் தொடங்கி, டாக்டரைக் கேட்டுக் கேட்டுக் கூட்டலாம். முக்கியமாக, அம்மாவையே ஒரு வார்த்தை கேட்கலாம். யாரும் கேட்கவில்லை.

உங்கள் தோட்டத்துக்குக் கொழுந்தெடுத்துத் தேய்ந்த கை, ஐயா. ராத்திரி ஒரு கோப்பை தேத்தண்ணியைத் தூக்க முடியாமல் நடுங்கியது. வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. அபூர்வக் கண்ணைக் கோபித்தால் எங்களுக்குத்தான் பாவம். அடுத்த பெரட்டில் அதற்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்து, ஜீப்பை விட்டு இறங்கி, அந்தத் துண்டை வாசிக்கும்படி பணிவோடு வேண்டுகிறேன்.

லயத்துச் சனங்களுக்கும் ஒன்று: டாக்டரின் துண்டைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுக்குமுன் போட்டோப் பிரதி எடுத்து வையுங்கள். விபத்தை நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியது தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம், பெரிய துரையிடம் அல்ல.