லண்டனிலிருந்து பாரிஸுக்கு

லண்டனிலிருந்து பாரிஸுக்கு ரயிலில் போகிறவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. செயின்ட் பான்கிராஸில் ஏறி, சுமார் 2 மணி 20 நிமிடத்தில் ஊருக்கு நடுவிலேயே இறங்கிவிடுகிறார்கள். இதெல்லாம் ஒரு பயணமா?

விமானத்தைப் பாருங்கள். 1 மணி 15 நிமிடம்தான்! விடியுமுன் எழுந்து லூட்டன் விமான நிலையத்துக்கு ஓடுவது கணக்கில் வராது. இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் வரிசையில் நிற்பதும் வராது. அது பொறுமைக்கான இலவசப் பயிற்சி. 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட ஷாம்பூவைத் துறக்கும்போது கிடைக்கிற மனப்பக்குவத்தை எந்த ரயில் தரும்? பெட்டிக்குத் தனிக் கட்டணம் என்பதால் மூன்று சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாம், குளிருக்கும் ஆயிற்று. ஷார்ல் து கோல் நிலையத்தில் இறங்கியபின் ஊருக்குள் போக இன்னும் 25 கிலோமீட்டர். அதற்கு ரயில்தான். ஆனால் வானத்திலிருந்து வந்தவர் ஏறினால் அதற்கொரு கௌரவம் உண்டு.

இன்னும் சிக்கனம் வேண்டுவோர் 1875-இல் கேப்டன் மேத்யூ வெப் காட்டிய வழியில் டோவரிலிருந்து நீந்தலாம். கலே வரை ஏறத்தாழ 22 மணி நேரம். பெட்டிக் கட்டணம் அறவே இல்லை.

ரயில் என்ற பேச்சே ஆகாது என்பவர்களுக்கு இரவுப் பேருந்து இருக்கிறது. எட்டு ஒன்பது மணி நேரம் முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் கொள்கை பிழைத்துவிடும். ஒரே ஒரு சங்கதி: கடலடிச் சுரங்கத்தில் சாலை கிடையாது. கப்பலில் போகாத பேருந்தை ஃபோக்ஸ்டனில் அப்படியே ரயிலுக்குள் ஏற்றிவிடுகிறார்கள்.