கஷாயம் சார்

எங்கள் தெருவில் யாரும் நிம்மதியாக இருமிவிட முடியாது. இரண்டாவது இருமலுக்கே எதிர்வீட்டு மாடியிலிருந்து குரல் வந்துவிடும்: "யாருப்பா அது? வறட்டு இருமலா, சளி இருமலா?"

பத்திரப் பதிவு அலுவலகத்தில் காலம் தள்ளி ஓய்வுபெற்றவர். இப்போது தெருவின் இருமல்களைப் பதிவு செய்கிறார். பெற்றோர் வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்கு அவர் கஷாயம் சார்.

அவரை லேசாக எடைபோட்டுவிடக் கூடாது. காதாலேயே நோய் பார்ப்பார். "இது நெஞ்சுலேர்ந்து வரலை தம்பி. மூக்குல சுரக்கிறது முன்னாடி வராம பின்பக்கமாத் தொண்டைக்கு இறங்குது. படுத்தா இருமல், எழுந்து உட்கார்ந்தா அடங்கும், காலையில தொண்டையைச் செருமிச் செருமிப் புண்ணாகும். சரியா?" சரிதான். மூக்கும் சைனஸ் அறைகளும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் சுரக்கின்றன, அதை நாம் தெரியாமலே விழுங்கிக்கொண்டிருக்கிறோம், ஜலதோஷத்திலோ தூசி ஒவ்வாமையிலோ அது கெட்டிப்பட்டால்தான் தொண்டை முறையிடுகிறது என்றெல்லாம் விளக்குவார். டாக்டர்கள் சொல்வதும் இதைத்தான். இதோடு நிறுத்தினால் தெருமுனையில் அவருக்கு ஒரு சிலையே வைக்கலாம். நிறுத்த மாட்டார்.

மார்கழி பிறந்தால் மயிலாப்பூரில் பாடகர்களுக்கு மட்டுமல்ல, இவருக்கும் சீசன். டப்பா செட்டி கடையில் வாங்கிவந்த சரக்கு அஞ்சறைப் பெட்டியில் தயாராக இருக்கும் (அந்தப் பெட்டி அவர் மனைவி பறிகொடுத்தது): சுக்கு, மிளகு, திப்பிலி, அதிமதுரம், சித்தரத்தை. முதலில் சித்தரத்தையைச் சுண்டுவிரல் நகமளவு உடைத்துத் தருவார். "மெல்லாதே. கடைவாயில அடக்கிக்கோ." கொஞ்ச நேரம் வெறும் மரத்துண்டு. பிறகு காரம் நாக்கின் ஓரமாக ஊர்ந்து தொண்டைக்குள் இறங்கும். கண்ணில் நீர் முட்டும். "பார்த்தியா, சளி கரையுது!" என்பார். கரைவது நாம்தான்.

அடுத்தது கஷாயம். நாலு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்ட வேண்டும். ஆடாதொடை இலையும் சேர்ந்துவிட்டால் அந்தக் கசப்பு மறுநாள் சாம்பார் வரைக்கும் வரும். கொடுத்துவிட்டுப் போகவும் மாட்டார். வாசற்படியில் நின்று, நம் குரல்வளை ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். கீழ்வீட்டு மணிபிளான்ட் திடீரென்று செழித்ததிலிருந்து இந்த முன்னெச்சரிக்கை.

பத்தியம் தனி. மோர் கூடாது, வாழைப்பழம் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது. ராத்திரி மஞ்சள்தூள் போட்ட பால் மருந்து. காலையில் டிகாக்‌ஷன் விட்ட பால் விஷம். இரண்டும் ஒரே பாக்கெட்தான்.

மூன்றாம் வீட்டு மாமி எதிர்க்கட்சி. அவருக்குக் கற்பூரவல்லியைத் தவிர மற்றதெல்லாம் செத்தை. தேனைச் சூட்டோடு விடுவதா, ஆறிய பிறகா என்று இருவரும் வாதாடும்போது நோயாளி நடுவில் நின்று இருமிக்கொண்டிருப்பார். மாமி மஞ்சள் கொம்பைச் சுட்டுப் புகையை மூக்கில் இழுக்கச் சொல்வார். அன்றைக்கு வீட்டோடு எல்லோரும் இருமுவார்கள்.

மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கி வரும் இருமலுக்கு உண்மையில் ஆறுதல் தருபவை சாதாரணச் சங்கதிகள். வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளிக்கலாம். கொதிக்கவைத்து ஆறிய நீரில் உப்பைக் கலந்து மூக்கைக் கழுவலாம். படுக்கும்போது தலைப்பக்கத்தை உயர்த்திக்கொள்ளலாம். ஒரு ஸ்பூன் தேன் சாப்பிடலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது. சாருக்கும் இதெல்லாம் தெரியும். வாய் திறக்க மாட்டார். எல்லார் வீட்டிலும் கிடக்கிற உப்பைச் சொல்லி என்ன பேர் வாங்க முடியும்?

"பதினஞ்சு நாள் விடாம குடி, அப்புறம் வந்து சொல்லு" என்பது அவர் வழக்கம். ஜலதோஷத்தில் வந்த இருமல் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே போய்விடும். போனால் கஷாயத்தின் மகிமை. போகாவிட்டால் நீங்கள் ரகசியமாக மோர் குடித்திருக்கிறீர்கள்.

பக்கத்துத் தெருவில் ஒரு வங்கி அதிகாரி மாதக்கணக்கில் வறட்டு இருமலோடு இவரிடம் மாட்டிக்கொண்டார். திப்பிலி தோற்றது, தூதுவளை ரசம் தோற்றது. கடைசியில் டாக்டர் அவருடைய ரத்த அழுத்த மாத்திரையை மாற்றினார். அந்த வகை மாத்திரைகளில் சில வறட்டு இருமலைக் கொண்டுவருமாம். சில வாரங்களில் இருமல் நின்றது. சார் அசரவே இல்லை. "மாத்திரையை மாத்தினது டாக்டர். அது வேலை செய்ற மாதிரி உடம்பைப் பக்குவப்படுத்தி வச்சது யாரு?"

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, சளியில் ரத்தம் கண்டாலோ, மூச்சு வாங்கினாலோ நேரே டாக்டரிடம் போங்கள். காசநோய்க்கான சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். சாரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போகாதீர்கள். இன்னும் ஒரு வாரம் குடித்துப் பார்க்கச் சொல்வார்.