56 ஏ.பி.ஓ.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊர்ப் பெயரே இல்லாத முகவரி ஒன்று மனப்பாடமாக இருந்தது. நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கடைசியில் 56 ஏ.பி.ஓ. பட்டாளத்தில் இருந்த பெரியப்பா மலை உச்சியில் இருந்தாலும் பாலைவனத்தில் இருந்தாலும் கடிதம் அந்த முகவரிக்குத்தான் போகும். இருக்கிற இடத்தை எழுதக் கூடாது என்பதால் ‘இங்கே வாளித் தண்ணி உறைஞ்சு கிடக்கு’ என்று ஒரு வரி எழுதியிருப்பார். உடனே நாங்கள் பள்ளிக்கூட அட்லஸை விரித்துவைத்துக்கொண்டு லடாக்கா, சிக்கிமா என்று சண்டை போடுவோம். பிச்சாவரத்து உப்பங்கழியில் இடுப்பளவுத் தண்ணீரில் எறா தடவி வளர்ந்த பிள்ளைகள், பனி என்பதை அந்த இன்லேண்ட் கடிதத்தின் ஒற்றை வரியில்தான் தொட்டுப் பார்த்தோம்.

லீவுக்கு வருவார் என்றால் ஒரு வாரத்துக்கு முன்பே வீடு அமளிப்படும். டெல்லியிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸ், எழும்பூரில் மீட்டர் கேஜுக்கு மாறி, கடைசியில் கிள்ளை ஸ்டேஷனில் கறுப்பு இரும்புப் பெட்டியோடு இறங்குவார். பெட்டியின் மூடியில் வெள்ளை பெயின்ட்டில் அவருடைய நம்பர், பெயர், கீழே ‘கிள்ளை’. திறந்ததும் முதலில் வருவது பாச்சை உருண்டை வாசனை. பிறகு ஒவ்வொன்றாக ஆத்தாவுக்குக் கம்பளி, அப்பாவுக்கு வேட்டிக்குள் சுருட்டிய ரம், எங்களுக்குக் கேன்டீன் பிஸ்கட், அடியில் பித்தளை பக்கிள் வைத்த பெல்ட்டும் பிராஸோ டின்னும். அந்த பக்கிளைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் உரிமைக்காக நான் என் பங்கு பிஸ்கட்டையே விட்டுக்கொடுத்திருக்கிறேன். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் ‘வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு’ முழக்கத்தை அவரிடம் கற்றுக்கொண்டு, சுரபுன்னைக் காட்டின் வாய்க்கால்களில் படகு தள்ளியபடி நாங்கள் போட்ட கூச்சலில் கொக்குகள் கலைந்து பறக்கும்.

அந்த ரெஜிமென்ட் தன் பிறப்பை 1758 என்று கணக்கிடுகிறது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1748-ல், தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் வந்து இறங்கிய ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ்தான் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு முறையான பயிற்சியைத் தொடங்கினார். 1781-ல் ஹைதர் அலியின் ஆட்கள் காவல் நின்ற சிதம்பரம் கோயிலைத் தாக்கி, முடியாமல் பின்வாங்கிய கம்பெனித் தளபதி அயர் கூட், சில நாட்களிலேயே பரங்கிப்பேட்டையில் ஹைதரோடு மோதினார். இரண்டு பக்கமும் சாதாரணச் சிப்பாயாக நின்று மடிந்தவர்களின் பெயர் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. எனக்கு வருத்தம் அதுதான். நடுகல் நட்ட காலத்தில் ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனின் பெயரைக் கல்லில் வெட்டினோம். வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட கல்வெட்டுகளைத் தமிழ்நாட்டின் சில ஊர்களில் இன்றும் பார்க்கலாம்: 1914 முதல் 1919 வரை இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். எண்ணிக்கை உண்டு, பெயர் கிடையாது.

எங்கள் சின்னத் தாத்தா இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து, பாலம் போடவும் கண்ணிவெடி எடுக்கவும் பர்மாவுக்குப் போனவர். தந்தி வந்தது, உடல் வரவில்லை. இறந்த தேதி தந்தியில் இருந்திருக்கும். ஆனால் அந்தக் காகிதம் எந்த வெள்ளத்திலோ போய்விட்டது. தேதி தெரியாதவருக்குத் திதி எப்படிக் கொடுப்பது? சின்னப் பாட்டி ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று கிள்ளை முழுக்குத்துறைக்குப் போய், ஊரில் எல்லோரும் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற அந்தக் கூட்டத்தில் ஓர் ஓரமாக நின்று தானும் இறைத்துவிட்டு வருவார். ஒருநாளும் அழுது பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் எங்களுக்கு வடை சுட்டுத் தருவார். நாங்கள் வடைக்காகவே ஆடி அமாவாசையை எண்ணிக்கொண்டிருந்தோம்.

போன வருஷம் அண்ணன் பேரன், செல்போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தவன், ‘தாத்தா, இது நம்ம ஆளா பாருங்க’ என்று நீட்டினான். ரங்கூனுக்கு வடக்கே தௌக்கியானில் உள்ள நினைவுச் சின்னம்; கல்லறை தெரியாமல் போன கிட்டத்தட்ட 27,000 வீரர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதன் இணையப் பதிவில் சின்னத் தாத்தாவின் பெயர், அவர் அப்பாவின் பெயர், கிள்ளை, சிதம்பரம், தென்னாற்காடு. தென்னாற்காடு என்ற மாவட்டமே 1993-ல் பிரிந்துபோய்விட்டது. பக்கத்திலேயே தேதி! பழைய பஞ்சாங்கம் தேடி, அந்தத் தேதிக்குரிய திதியைக் கணித்து, மாசி மாதத்தில் முதன்முறையாக அவருக்கென்றே எள் இறைத்தோம். அதைப் பார்க்கத்தான் சின்னப் பாட்டி இல்லை. நான் செல்போனைத் திட்டுகிற ஆள். அன்றைக்கு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அண்ணன் 1987-ல் அமைதிப்படையில் இலங்கைக்குப் போனான். முழுக்குத்துறையில் நின்று பார்த்த அதே கடலின் அந்தக் கரையில், தன் மொழியே பேசுகிற ஊர்களுக்குள் துப்பாக்கியோடு நடந்தான். 1,100 பேருக்கும் மேல் அங்கே மடிந்தார்கள். 1990-ல் திரும்பி வந்தபோது ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை; அவனும் சொல்லவில்லை. பெரியப்பாவின் திண்ணையில் 71-ஆம் ஆண்டுப் போர்க் கதை கேட்க முண்டியடித்த அதே ஊர்தான். எந்தப் போருக்குப் போவது என்று சிப்பாய் தேர்ந்தெடுப்பதில்லை. அந்தப் போர் நமக்குக் கசந்தது என்பதற்காகப் போனவனை மறந்துவிடுவது நியாயமே இல்லை. 2019-ல் டெல்லியில் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் 62 சீனப் போரில் விழுந்தவர்களுக்கும் இலங்கையில் விழுந்தவர்களுக்கும் ஒரே மாதிரி கிரானைட் கல்தான், பெயரோடு. அண்ணன் அங்கே போய்த் தன் யூனிட் ஆட்களின் பெயர்களைத் தடவிப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் எங்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தான்.

இப்போது அண்ணனின் இன்னொரு பேரன் அக்னிவீரனாகப் போயிருக்கிறான், நான்கு வருஷத்துக்கு. சாப்பாட்டு நேரத்தில் வீடியோ காலில் வந்து பனியையே காட்டுகிறான், அட்லஸ் தேவைப்படவில்லை. முகத்தைப் பார்த்ததும் அவன் அம்மாவுக்குச் சோறு இறங்குகிறது, அதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் பெரியப்பாவின் நூற்றுச் சொச்சம் கடிதங்கள் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. இவன் பேசிய ஒரு வார்த்தையும் எங்கும் இல்லை. மாசத்துக்கு ஒரு கடிதமாவது எழுது என்று கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டே சரி என்றான்.

டிசம்பர் 7 கொடிநாள். நாங்கள் படித்தபோது சட்டையில் காகிதக் கொடி குத்தி, உண்டியலில் பத்துப் பைசா போட்டதோடு சரி. இந்த வருஷம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கிள்ளையிலும் பிச்சாவரத்திலும் இருந்து ராணுவத்துக்குப் போன எல்லோருடைய பெயரையும் ஒரு பலகையில் எழுதிவைக்கலாம் என்று தலைமையாசிரியரிடம் பேசியிருக்கிறோம். திரும்பி வந்தவர், வராதவர், எந்தப் போர் என்ற பாகுபாடு இல்லாமல். எங்கள் வீட்டுப் பெயர்களைக் கொடுத்துவிட்டேன். மற்ற வீடுகளுக்கு அண்ணன் பேரன் நோட்டுப் புத்தகத்தோடு போய்க்கொண்டிருக்கிறான்.