டிக்கெட் போட்டுட்டீங்களா சார்?

ஏலே மருமவனே, யுனிவர்சிட்டி கம்ப்யூட்டர் சென்டர்ல வேலைன்னதும் உங்கம்மா தெரு பூரா கேசரி குடுத்துட்டா. நல்லது. ஆனா அங்க முக்காவாசி வேலை கம்ப்யூட்டர்கிட்ட இல்ல, வாத்தியாருமாருகிட்டன்னு உனக்கு எவனும் சொல்லியிருக்க மாட்டான். அதே வளாகத்துல அட்டெண்டரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். ஓ.எச்.பி. புரொஜெக்டர நெஞ்சோட அணைச்சி மூணாம் மாடிக்குத் தூக்கிட்டுப் போனவன். கதவோரம் நின்னவன் காதுல விழாத சங்கதி உண்டா? உக்காரு, சொல்லுதேன்.

முதல்ல அந்தப் புகார் டிக்கெட்ட விடு. 'டிக்கெட் போட்டுட்டீங்களா சார், நம்பர் என்ன'ன்னு போன்ல கேக்கியாமே. பஸ்ஸுல கூட கண்டக்டர்தான்டே நம்மகிட்ட வந்து டிக்கெட் குடுக்கான். அவிய இண்டர்நெட் வரலன்னு கூப்பிடுதாவ. நீ இண்டர்நெட்டுல போயி புகார் எழுதுங்கங்க. டிக்கெட்ட நீயே போட்டுக்கோ. மாசக் கடைசியில எண்ணிக்கை காட்டணும்லா, அது உன் பாடு.

வகுப்புல புரொஜெக்டர் தெரியலன்னு ஆள் வந்தா ஓடு. கூரையில தொங்குதது விஜிஏ காலத்துப் பெட்டி, கையில இருக்க புது லேப்டாப்புல அந்த ஓட்டையே கெடையாது. மாட்டுததுக்கு ஒரு அடாப்டர் எப்பவும் சட்டைப்பையில கெடக்கட்டும். போயிப் பாத்தா பாதி நேரம் பிளக்கே மாட்டியிருக்காது. அத வாய் தவறியும் சொல்லிராத. 'லூஸ் கனெக்சன் சார், இந்த பில்டிங்கே இப்படித்தான்'னு சொல்லு. அவியளுக்கு மெசினக் கண்டா பயம் கெடையாது. பிள்ளைக முன்னால முழிக்கதுதான் பயம். தெரியாதுங்குற வார்த்தைய வாயில போடாமலே பேராசிரியர் ஆனவிய, உன் ஒருத்தனுக்காக இப்பப் பழகுவாவளா? எல்லாத்தையும் சரி பண்ணிட்டு கடைசிப் பட்டன அவியளையே அமுக்கச் சொல்லு. படம் வந்ததும், 'நீங்க தொட்டதும் வந்துட்டு பாத்தீங்களா'ன்னு தள்ளி நில்லு. அடுத்த தடவை அவியளே மாட்டுவாவ.

மெயில் வரலம்பாவ. பெட்டி நெறஞ்சி கெடக்கும், பேரப்பிள்ளை காதுகுத்து வீடியோவோட. அதுக்கும் 'சர்வர் டவுன் சார்'னு ஒரு வார்த்தை. சர்வருக்கு என்ன மானமா போவுது? ஆனா அந்த வீடியோவ அழிக்கச் சொல்லிக் குடுக்கணும். எவ்வளவு வேணா வச்சுக்கோன்னு இருந்த கூகுள், 2021ல கல்வி நிறுவனங்களுக்குக் கயித்த இறுக்கிட்டு. மொத்த நிறுவனத்துக்கும் சேத்து அடிப்படையா 100 டெராபைட், 2022லேருந்து. கொரோனாவுல எடுத்த வகுப்பெல்லாம் அதுலதான் கெடக்கு. ஒரு மணி நேர வீடியோவுல முதல் கால் மணி 'கேக்குதா, கேக்குதா'. அத வெட்டினாலே கால்வாசி எடம் மிஞ்சும், ஆனா வெட்டச் சொன்னா கோவம் வரும்.

90 நாளைக்கு ஒருக்க பாஸ்வேர்ட மாத்துங்கன்னு சுற்றறிக்கை விடுதியளே, அது யார் யோசனை தெரியுமா? அமெரிக்காவுல அரசாங்கத் தர அமைப்பு ஒண்ணு இருக்கு. அதுல பில் பர்னு ஒருத்தர் 2003ல எழுதினது. 2017ல அதே அமைப்பு, களவு போனதுக்கு அடையாளம் இருந்தா மட்டும் மாத்தச் சொன்னாப் போதும்னு திருத்திட்டு. எழுதின மனுசரே வருத்தமா இருக்குன்னு பேப்பர்காரங்ககிட்ட சொல்லிட்டார். அவர் திருந்திட்டார், நம்ம சுற்றறிக்கைதான் திருந்தல. வாத்தியாருமாரு என்ன செய்வாவ? பாஸ்வேர்டு கடைசியில இருக்க ஒண்ண ரெண்டாக்குவாவ, அடுத்து மூணாக்குவாவ, பெறகு சீட்டுல எழுதி மானிட்டர்ல ஒட்டுவாவ. சீட்ட எடுத்து டிராயருக்குள்ள வச்சிட்டு வா. சண்டைய உன் டைரக்டர்கிட்ட போடு, தைரியம் இருந்தா.

தமிழ்த்துறைக்குப் போனா மட்டும் நிதானம். ஐயா அனுப்பின கேள்வித்தாளத் தேர்வுப் பிரிவுல தெறந்தா, 'அம்மா'ங்குற எடத்துல எம், கே, அரைப்புள்ளி, கே, எச்னு நிக்கும். வைரஸ் இல்லடே, பாமினி ஃபாண்ட். இங்கிலீஷ் எழுத்து இருக்க எடத்துல தமிழ் உருவத்த ஒட்டவச்ச ஏற்பாடு அது. அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல சாயம் வெளுத்துரும். கோவையில செம்மொழி மாநாடு நடந்த 2010லயே யூனிகோடுன்னு அரசாங்கம் ஆணை போட்டாச்சு. விரலு ஆணையப் படிக்குமா? ஐயா ஆய்வேடே பாமினியில தட்டினவிய. மாறச் சொன்னா, இந்த வயசுல புதுசா டைப்பிங் படிக்கணுமான்னு மலைக்காவ.

நீ என்.எச்.எம். ரைட்டரப் போட்டு, அதுல பாமினி விசைப்பலகையத் தேர்ந்தெடுத்துக் குடு. தட்டுதது பழைய மாதிரி, விழுதது யூனிகோடு. ஒண்ணும் விளக்காத. ஒரு வாரம் கழிச்சி, 'ஐயா, நீங்க யூனிகோடுக்கு மாறி ஒரு வாரம் ஆச்சு'ன்னு சொல்லிட்டு அவிய மூஞ்சியப் பாரு. பழைய ஃபைலுக்கு மாத்தி குடுக்க கன்வெர்ட்டர் இருக்கு. ஆனா நடுவுல இங்கிலீஷ் வார்த்தை இருந்தா அதையும் தமிழுன்னு நெனச்சி உளறும். நீ படிச்சிப் பாத்துட்டுக் குடு, இல்லன்னா பழி உன் தலையில.

ஆன்லைன்ல பாடம் ஏத்துத மூடில் இருக்குல்லா, ஆஸ்திரேலியாவுல மார்ட்டின் டூகியாமஸ் 2002ல வெளிய விட்டது. சின்ன வயசுல பாலைவனத்துல ரேடியோவுல பாடம் கேட்டு வளர்ந்த மனுசன். பிள்ளை தூரத்துல இருக்க கஷ்டம் தெரிஞ்சி செஞ்சிருக்கார். நம்மாளுக நோட்ஸ பி.டி.எஃப். ஆக்கி ஏத்துவாவ, தரச்சான்று குடுக்க நாக் குழு வந்துட்டுப் போனதும் அந்தப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டாவ. நீ பயிற்சிப் பட்டறை போட்டா சாப்பாடு வரைக்கும் நிப்பாவ. பட்டறை வேண்டாம். இண்டர்னல் பேப்பர் கட்டு கட்டா குமிஞ்சி கெடக்கப்ப ஒருத்தரு அறைக்குப் போ. வினாடி வினா போட்டா மெசினே திருத்தி மார்க் போட்டுரும்னு சும்மா காதுல போடு. 'திருத்தவே வேண்டாமா?'ன்னு கண்ணாடியக் கழட்டுவாவ. சாயங்காலம் பக்கத்து அறைக்காரவிய உன்னத் தேடி வருவாவ.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம். கௌரவ விரிவுரையாளருக வந்து ஐடி கேட்டா அலைக்கழிக்காத. பாதி வகுப்ப எடுக்குதது அவியதான். பேருலதான் கௌரவம். மெயில் கெடையாது, வைஃபை கெடையாது, ஜர்னல் படிக்க லாகின் கெடையாது. சொந்த ஜிமெயிலு, சொந்த டேட்டாவுல பாடம் நடத்துதாவ. துறைத்தலைவர் கையெழுத்து வரலன்னு காத்துக்கெடக்காத. நீயே ஃபாரத்த எடுத்துட்டுப் போயி வாங்கிட்டு வா. ஏப்ரல்ல ஒப்பந்தம் முடியும், அன்னைக்கே கணக்க மூடுன்னு ஆர்டர் வரும். பிள்ளைக மார்க்கு, அவிய தயாரிச்ச பாடம் எல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கும். ஜூன்ல பெரும்பாலும் அதே ஆள்தான் திரும்பி வருவாவ. ஏன் இன்னும் மூடலன்னு மேலருந்து கேட்டா என்ன சொல்லணும்னு உனக்குத் தெரியும்லா? சர்வர் டவுன்.